மாப்பிள்ளையின் இடது கை

ஏரியை நீந்திக் கடந்தே தீருவது என்று ஒருநாள் காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். என் பெரிய முடிவுகள் எல்லாம் பல் துலக்கும்போது எடுத்தவைதான். வாயில் நுரை இருப்பதால் உடனே வெளியே சொல்லிக் கெடுத்துக்கொள்ள முடியாது பாருங்கள்.

அன்று நுரையைத் துப்பிவிட்டேன். சொல்லியும்விட்டேன்.

"போட்டியில நான் நீந்தப் போறேன்."

என் மனைவி தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முதல்ல மீசையில இருக்கிறதைத் துடைங்க. அப்புறம் நீந்தலாம்."

எங்கள் ஏரியில் அந்த வருஷம் ஒரு போட்டி வைத்தார்கள். இந்தக் கரையில் இறங்கி அந்தக் கரைக்கு நீந்த வேண்டும். ஏறியதும் சைக்கிள். சைக்கிள் முடிந்ததும் ஓட்டம். மூன்றையும் ஒரே ஆள் செய்யலாம், அல்லது மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஓடுவதற்கு எங்கள் அலுவலகக் காசாளர் தயார். சைக்கிளுக்கு, எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த என் மைத்துனன் தயார். தண்ணீரில் இறங்கத்தான் ஆள் இல்லை. முதல் நாள் மத்தியானம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. "நான் இருக்கேன்" என்று எழுந்து நின்றுவிட்டேன். கையில் தயிர் சாதமோ என்னவோ இருந்தது. அதைக் கூடக் கழுவவில்லை.

என் தொழில் சாலையில் கோடு போடுவது. வெள்ளைக் கோடு, மஞ்சள் கோடு, விட்டு விட்டு வருகிற கோடு. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஒரு கோணல் கோடு நான் போட்டதில்லை. "இவர்கிட்ட நேரா இருக்கிறது அது ஒண்ணுதான்" என்பாள் என் மனைவி.

அவள் தொழில் பிறர் தைத்ததைத் திருத்துவது. முன்னறையில் மிஷின், ஜன்னலோரம் மலையாகத் துணி. அவளுக்கு ஒரு கொள்கை இருந்தது. தன் கையால் தைத்ததைத் தானே பிரிக்க மாட்டாள். ஒரு பக்கம் தப்பாகப் போனால், அதைத் தொட மாட்டாள். மறு பக்கத்தையும் அதற்குச் சரியாகச் செய்துவிடுவாள். என் பேண்ட் ஒன்றில் வலது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. இடது காலையும் குட்டையாக்கினாள். அது இன்னும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. திரும்ப வலது காலுக்கு வந்தாள். இப்படிப் போய்ப் போய், கடைசியில் அதை நான் அரைக்கால் சட்டையாகப் போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இந்தப் பேண்டை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன்.

"உங்களுக்கு நீச்சல் எங்க தெரியும்?" என்றாள்.

"நகராட்சிக் குளத்துல தினம் நீந்துறேனே!"

"அங்க அடியில கருப்பா ஒரு கோடு போட்டிருக்கான். அதைப் பார்த்துக்கிட்டே போயிட்டுப் பார்த்துக்கிட்டே வர்றீங்க. ஏரிக்கு அடியில யாரு கோடு போட்டு வச்சிருக்கா?"

"எனக்குக் கோடு வேண்டாம். அது என் ரத்தத்துல ஓடுது."

"கண்ணாடியைக் கழட்டினா கட்டின பொண்டாட்டியே தெரிய மாட்டா. அக்கரை தெரியுமாக்கும்."

"தெரியும்."

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "அங்க உங்களுக்கு யாரு துண்டு வச்சுக்கிட்டு நிப்பாங்க?"

"உன் தம்பி நிப்பான். சைக்கிளோட."

"அவன் சைக்கிளைப் பிடிப்பானா, உங்களைப் பிடிப்பானா?"

அவள் வேறு துணியை எடுத்துவிட்டாள். மிஷின் கொஞ்ச நேரம் ஓடியது. நின்றது.

"சரி, போங்க" என்றாள்.

என் மனைவி வேண்டாம் என்றால் நான் தைரியமாக இருப்பேன். சரி என்றால்தான் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஏரித் தண்ணீர் குளிர் என்பதால் ரப்பர் உடை கட்டாயம் என்று போட்டிக்காரர்கள் அறிவித்திருந்தார்கள். வெட்சூட் என்று பெயர். அதை விற்கும் கடை ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படி இறங்கிப் போகிற இடத்தில் இருந்தது. மேலே வெயிலும் வண்டிச் சத்தமும். ஒரு திருப்பம் இறங்கியதும் இரண்டும் நின்றுவிட்டன. ரப்பர் வாசனை மட்டும்தான். கடைக்காரர் விளக்கைப் போட்டார். நான் ஒரு படி மேலே ஏறிக்கொண்டேன்.

சுவர் நெடுக ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கருப்பாக, பளபளவென்று. தலை இல்லை. தோள் உண்டு, மார்பு உண்டு, கொஞ்சம் வயிறு கூட உண்டு. உள்ளே யாரும் இல்லாமலே நிரம்பியிருந்தார்கள். மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பியபோது அத்தனை பேரும் எங்கள் பக்கம் லேசாகத் திரும்பினார்கள். பார்ப்பதற்குத்தான் என்று சொல்லியிருப்பேன். பார்க்கத் தலை வேண்டுமே.

"இத்தனை ஆம்பளைங்க இருக்காங்க, ஒருத்தர் வாய் திறக்கலை" என்றாள் என் மனைவி. "நல்ல இடமா இருக்கு."

கடைக்காரர் வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருந்தார். தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பது போல மெதுவாகப் பேசினார்.

"நகம் பட்டா கிழிஞ்சுடும் சார். அதான் கையுறை. முழுக்கையா, கையில்லாததா?"

"கையில்லாதது" என்றேன்.

"கை வச்சது" என்றாள்.

"கை வச்சது" என்றேன்.

பெரிய அளவாக ஒன்றைத் தொட்டேன். அவர் தலையை ஆட்டினார். "பெருசு ஆகாது. முதுகுக்கும் ரப்பருக்கும் நடுவுல தண்ணி தேங்கிக் கீழ இழுக்கும். இது சட்டை இல்லை சார். தோல் மாதிரி இருக்கணும். கரையில போடும்போது மூச்சு முட்டுதுன்னா, தண்ணியில சரியா இருக்கும்னு அர்த்தம்."

என் பாதங்களில் பிளாஸ்டிக் பைகளை மாட்டினார். அப்போதுதான் கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகுமாம். அவர் ஒரு பக்கமும் என் மனைவி ஒரு பக்கமும் இழுத்தார்கள்.

"தலையணைக்கு உறை போடுற மாதிரி நினைச்சுக்கங்க" என்றாள் அவரிடம். "பஞ்சைக் கொஞ்சம் உள்ள அமுக்கணும்."

ஒருவழியாக நுழைந்து, வயிற்றின் மேல் ஜிப்பைத் தேடினேன்.

"சார், திருப்பிப் போட்டுட்டீங்க. ஜிப் முதுகுப் பக்கம் வரணும்."

"முதுகுல இருந்தா நான் எப்படி இழுக்கிறது?"

"நீளமா கயிறு இருக்கு. இல்லைன்னா சம்சாரம் இருக்காங்க."

உரித்து, திரும்ப நுழைத்து, பின்னால் இழுத்துப் பூட்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். நான் தெரியவில்லை. சுவரில் தொங்கியவர்களில் ஒருவன் இறங்கி நின்றான். என் தலையை இரவல் வாங்கி வைத்திருந்தான்.

அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. தோளைத் தடவிப் பார்த்தாள். அக்குளை அமுக்கினாள். சுவரில் இருந்த இன்னொன்றின் கையை உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டினாள்.

"தையல் வெளியே தெரியவே இல்லையே?"

"ஊசி பாதி ரப்பர் வரைக்கும்தான் போகும்மா. முழுசா குத்தினா தண்ணி வந்துடும். பசை வச்சு ஒட்டி, உள்பக்கமா தைக்கிறது."

"ரெண்டு தோளும் ஒரே மாதிரி இருக்கணுமா?"

"கட்டாயம்."

"இல்லைன்னா?"

அந்த நேரம் பார்த்து நான் ரப்பர் தொப்பியை மாட்டிப் பார்த்தேன். காது அடைத்துக்கொண்டது. கடைக்காரர் உதடு அசைந்தது. கையைக் காற்றில் வளைத்து, பெரிதாக ஏதோ போட்டுக் காட்டினார். என் மனைவி தலையாட்டினாள். தொழில்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று நான் வயிற்றை உள்ளிழுத்து நின்றுகொண்டிருந்தேன்.

நீச்சல் கண்ணாடியில் என் பார்வைக்கு ஏற்ற வில்லை போட்டது இருக்கிறதா என்று கேட்டேன். "வேண்டாம், மூக்கு வலிக்கும்" என்றாள். கடைக்காரர் அல்ல, என் மனைவி.

வீட்டுக்கு வந்ததும், "கழுத்துப் பக்கம் உரசும். கொஞ்சம் மடிச்சுத் தர்றேன்" என்று அதை வாங்கிக்கொண்டாள். எனக்கு மனசு குளிர்ந்தது. வேண்டாம் என்று சொன்னவள், என் கழுத்தைப் பற்றிக் கவலைப்படுகிறாள்! மறுநாள் கொல்லைக் கயிற்றில் அது தொங்கியது.

"மாப்பிள்ளை வந்தாச்சு" என்றாள். "சும்மா தொங்குறதுக்கு வீட்டுல இன்னொரு ஆளு."

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் மாப்பிள்ளைதான். துணி காயும்போது துணியாக இருக்கும். இது காயவில்லை, காத்திருந்தது. காற்று வந்தால் வலது கை மெல்ல எழுந்து, யாரையோ கூப்பிட்டு, இறங்கும். இடது கை எழாது. விலாவோடு ஒட்டிக்கொண்டு, எதையோ அக்குளில் இடுக்கி வைத்திருக்கிற மாதிரி அப்படியே இருக்கும். காப்பிக் கோப்பையோடு ஜன்னலில் நின்று நான் அந்தக் கையையே பார்ப்பேன். கோப்பை காலியானது தெரியாமல் உறிஞ்சுவேன்.

முதல் பயிற்சிக்கு விடியலில் போனோம். ஏரியில் இறங்கக் கல் படிகள். இடது பக்கம் பழைய பம்பு அறை. வலது பக்கம் படகுக் கொட்டகை. எதிரே ஒன்றும் இல்லை, பனிதான். அக்கரை என்று ஒன்று இருப்பதை நம்பித்தான் ஆக வேண்டும். என் மனைவி மேல்படியில் உட்கார்ந்தாள். மடியில் துண்டு, பக்கத்தில் பிளாஸ்க், கையில் என் மூக்குக்கண்ணாடி.

"இடது கை பிடிக்குது" என்றேன்.

"பிடிக்கத்தான் செய்யும். தோல் மாதிரி இருக்கணும்னாரே."

"வலது கை பிடிக்கலையே?"

"அது சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பழகின கை."

இறங்கினேன். முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் என் தொழிலே என்னை விட்டுப் போய்விட்டது. கீழே கோடு இல்லை. தரையும் இல்லை. பச்சையாக ஆரம்பித்து, போகப் போகக் கருத்து, அதற்கும் கீழே நிறம் என்று ஒன்று இல்லாமல் போனது. என் கை ஒவ்வொரு முறையும் முழங்கைக்கு அப்பால் காணாமல் போய், பிறகு திரும்பி வந்தது. ரப்பர் என்னை மேலே தூக்கி வைத்திருந்தது. அது நல்லதுதான். ஆனால் இடுப்பை யாரோ இரண்டு கையாலும் பிடித்திருப்பது போல இருந்தது. தலையைத் தூக்கினால் வெள்ளை. தாழ்த்தினால் கருப்பு. நான் நேராகப் போனேன். என்னால் வேறு எப்படியும் போக முடியாது.

ரொம்ப நேரம் கழித்து விரலில் கல் தட்டியது. படிகள்! ஏறினேன். மங்கலாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். குரல் தழுதழுத்துவிட்டது.

"அம்மா, இதுதானே அக்கரை?"

"நீங்க எங்கேயிருந்து வர்றீங்க?"

"எதிர்க்கரையிலிருந்து."

"அப்ப இதுதான்" என்றாள் அந்த அம்மாள். கையை நீட்டினாள். கையில் என் மூக்குக்கண்ணாடி இருந்தது.

போட்டுக்கொண்டேன். என் மனைவி.

"நீ எப்படி இங்க வந்தே?"

"நான் எங்கயும் போகலையே."

"ஏரியைச் சுத்தி நடந்து வந்தியா?"

"உட்கார்ந்த இடத்தை விட்டு அசையலை. டீ ஆறுது, குடிங்க."

பம்பு அறை இருந்தது. கொட்டகை இருந்தது. நான் டீயைக் குடித்தேன். பல் டம்ளரில் தந்தி அடித்தது. குளிர் என்று அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த முறை நான் ஏமாறத் தயாராக இல்லை. அலுவலகத்திலிருந்து கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட் கொண்டுபோனேன். இறங்குவதற்கு முன் படியில் ஒரு கோடு போட்டேன். அருமையான கோடு. நீந்தினேன். கல் தட்டியது. குனிந்து, கண்ணைக் கல்லோடு வைத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடு. தொட்டேன். விரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை.

அக்கரையிலும் ஒருவன் இன்று காலை கோடு போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். ரொம்ப நேராகப் போட்டிருந்தான். அதைப் பாராட்டவும் செய்தேன். பிறகுதான் முதுகில் சில்லென்றது.

துண்டு என் தோளில் விழுந்தது.

"நான் போனதை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"எப்படிப் போனேன்?"

"நேராத்தான் போனீங்க. பனிக்குள்ள போனீங்க. அப்புறம் பனிக்குள்ளேயிருந்து வந்தீங்க."

"நடுவுல?"

"நடுவுல என்ன நடந்ததுன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று பிளாஸ்கைத் திருகினாள். "துண்டைச் சுருட்டி எறியாதீங்க. மடிச்சு வைங்க."

இப்படியே அடுத்த முறையும். அதற்கு அடுத்த முறையும். நான் எங்கே போனாலும் போய்ச் சேருகிற இடத்தில் அதே படி, அதே கோடு, அதே பெண். குளத்தில் வெறும் உடம்போடு நீந்திப் பார்த்தேன். அம்பு மாதிரி போனேன். ஆக, என்னிடம் கோளாறு இல்லை. சந்தேகம் மாப்பிள்ளை மேல் விழுந்தது. அவனுக்குப் போக மனசில்லை. என்னை இடுப்போடு பிடித்துத் திருப்பிக் கொண்டுவருகிறான்.

மைத்துனன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பட்டும் படாமலும் அவனிடம் கேட்டேன்.

"அந்த ஏரி எப்படிப்பா?"

"சில பேரை அது விடாதாம் அத்தான்" என்றான் குரலைத் தாழ்த்தி. "இறங்கினவன் இறங்கின கரைக்கே வருவானாம்."

"யாரு சொன்னா?"

"அக்காதான்."

போட்டிக்கு முதல் நாள் பல் துலக்கும்போது எனக்கு வழி பிறந்தது. ஜிப் முதுகில் இருந்தால் மாப்பிள்ளை என்னைத் திருப்பிக் கொண்டுவருகிறான். அவனையே முன்பின்னாகப் போட்டால்? திரும்பி வருகிறவன் திரும்பிப் போயாக வேண்டும். அதாவது அக்கரைக்கு! நுரையோடு சிரித்தேன். அன்று யாரிடமும் சொல்லவில்லை.

போட்டியன்றும் பனி. படியில் எங்களைப் போன்றவர்கள் கருப்பாக வரிசையாக நின்றார்கள். யாருக்கும் முகம் இல்லை. அந்தக் கடைச் சுவரே இறங்கி வந்து நிற்பது போல இருந்தது. நான் பம்பு அறைக்குப் பின்னால் போய், ஜிப் நெஞ்சில் வரும்படி நுழைந்துகொண்டு வந்தேன்.

"சார், திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றான் பக்கத்துக் கருப்பன்.

"தெரியும்" என்றேன், கம்பீரமாக.

விசில் அடித்தது. எல்லோரும் பனிக்குள் போனார்கள். நானும் போனேன். இந்த முறை வலது கை பிடித்தது. இடது கை சுதந்திரமாக வீசியது. புது அனுபவம்! மற்றவர்களின் தண்ணீர்ச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, பிறகு கேட்கவே இல்லை. அவர்கள் பின்தங்கிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கேயோ ஒரு படகின் துடுப்புச் சத்தம் மட்டும் என்னோடு வந்தது. கடைசியில் கையில் பட்டது படி அல்ல. சேறு. நாணல். மரப்பலகை. கோடு இல்லை!

எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். "அக்கரை!"

துண்டு என் முகத்தில் வந்து விழுந்தது.

"ஜிப்பை முன்னாடி போட்டுக்கிட்டுப் போனீங்களா," என்றாள் என் மனைவி, "அதான் இந்தப் பக்கம் வந்து நின்னேன்."

படகுக் கொட்டகை. படிகளுக்கு வலது பக்கம் இருந்தது என்றேனே, அதே கொட்டகை.

படகில் வந்த பாதுகாப்பு ஆள் துடுப்பை நிறுத்தினான். "அம்மா துண்டை ஆட்டினாங்க சார். வீட்டுல ஏதோ அவசரம், திரும்பிட்டீங்கன்னு நினைச்சேன்."

அவள் அங்கேயே பலகையில் உட்கார வைத்து, என்னை உரித்து, மாப்பிள்ளையின் இடது கையை உள்பக்கமாகப் புரட்டிக் காட்டினாள். அக்குளில் ஒரு மடிப்பு. பசை வைத்து ஒட்டி, பாதி ரப்பர் வரை மட்டும் ஊசி போட்டு, வெளியே துளி தெரியாமல். அந்தக் கை முழுசாக நீளாது. நீளுகிற கை இழுக்க இழுக்க, ஆள் நீளாத கையின் பக்கமாக வட்டம் அடித்துத் திரும்பிவிடுவான். உடையைத் திருப்பிப் போட்டால் அந்த வட்டம் வலது பக்கமாக. கண்ணாடி இல்லாதவனுக்கு, பனியில், அது தெரியவே தெரியாது.

"கடைக்காரர்தான் சொன்னார்" என்றாள். "நீங்க தொப்பி மாட்டியிருந்தீங்க."

"அக்கரையில உன் தம்பி சைக்கிளோட காத்துக்கிட்டு இருப்பானே!"

"அவன் தூங்குறான். நான் எழுப்பவே இல்லை."

"காசாளர்?"

"அவர் சம்சாரத்துக்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். அவங்களும் எழுப்பலை."

எனக்குக் கோபம் வந்தது. குளிரும் வந்தது. குளிர்தான் முதலில் வெளியே வந்தது. "இப்பவே பிரிச்சுடு இதை!"

"நான் தைச்சதை நான் பிரிக்க மாட்டேன்" என்றாள். என் தலையைத் துவட்டினாள். வழக்கத்தைவிட அழுத்தி. "உங்க இஷ்டம். வேணும்னா நீங்க பிரிங்க. ஆனா அந்தப் பனிக்குள்ள நீங்க போனா, திரும்பி வர்ற வரைக்கும் நான் மூச்சு விடறதில்லை. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. துண்டுக்குள்ளேயே தலையை ஆட்டினேன்.

நான் பிரிக்கவில்லை. அதற்கப்புறம் வருஷக்கணக்காக, பனி இருக்கிற காலைகளில், ஜிப்பை ஒழுங்காக முதுகில் இழுத்துப் பூட்டிவிடுவாள். நான் நேராகப் போய், இடது பக்கமாக ஒரு வட்டம் அடித்து, என் கோட்டுக்கே வந்து சேருவேன். கோடு மங்கினால் புதுசாகப் போடுவேன். அவள் டீ குடித்துக்கொண்டிருப்பாள். காசாளரிடம் எனக்குத் தசைப்பிடிப்பு என்று சொல்லியிருந்தேன். அவர் தனக்குக் காய்ச்சல் என்று சொன்னார்.

பிறகு அவளால் படி இறங்க முடியாமல் போயிற்று. பிறகு கட்டிலை விட்டே இறங்க முடியாமல் போயிற்று. நான் ஏரிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஒரு மத்தியானம் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளையைக் கொண்டாங்க."

"எதுக்கு?"

"ஜிப் கயிறு நைஞ்சு கிடக்கு. மாத்தணும். அப்படியே ஊசி, பசை, அந்தச் சின்ன விளக்கு."

மிஷினில் உட்கார முடியாது. கையாலேயே தைத்தாள். கொஞ்சம் தைப்பாள், கண்ணை மூடிக்கொள்வாள், திரும்பக் கொஞ்சம். அந்தக் கருப்பு ஆள் அவள் மடியில் தலை இல்லாமல் படுத்துக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

"ஒரு கயிறு மாத்த இத்தனை நாளா?"

"அவசரம்னா நீங்க தைங்க."

முடித்ததும் என்னிடம் நீட்டினாள். "இனிமே நீங்க தனியா போகலாம்."

"நீ இல்லாமலே ஜிப்பை இழுத்துக்கலாம்கிறியா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோடு போட்டு முடித்ததும் நான் சாலையைப் பார்ப்பேனே, அந்த மாதிரி.

"ஆமா" என்றாள். "அதேதான்."

அவள் போன பிறகு மாப்பிள்ளை அலமாரியிலேயே இருந்தான். மழை விட்ட ஒரு நாள், பூஞ்சை பிடித்துவிடப் போகிறதே என்று எடுத்துக் கயிற்றில் போட்டேன். சமையலறை ஜன்னலில் நின்றேன். நல்ல காற்று. பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் பறந்தது. மாப்பிள்ளையின் இடது கை வழக்கம்போல அசையவில்லை. வலது கையும் அசையவில்லை. இரண்டு கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, அஞ்சலிக்கு நிற்கிறவன் போல நின்றான். இவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் பல் துலக்கும்போது முடிவு செய்தேன். இந்த ஒரு முறையாவது நேராகப் போய்விடுவது. இனி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அங்கே யாரும் இல்லை. அவளுடைய கத்தரிக்கோலையே எடுத்தேன். இடது கையைப் புரட்டி, அந்த மடிப்பை ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். பசை முனகிக்கொண்டு விட்டது. இடது கை விடுதலை.

ஏரியில் அதே பனி. மேல்படி காலி. இறங்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்; பார்த்துவிட்டேன். நீந்தினேன். இடது கை நீண்டு நீண்டு போனது. வலது தோள்தான் இழுத்துப் பிடித்தது. வயசு என்று நினைத்தேன். கீழே அதே கருப்பு. இடுப்பில் அதே இரண்டு கை. போ, போ என்றேன். அவையும் விடவில்லை, நானும் நிற்கவில்லை.

விரலில் சேறு. நாணல். மரப்பலகை.

எழுந்து நின்றேன். பனி விலக, தகரக் கூரை தெரிந்தது. படகுக் கொட்டகை.

முழங்கால் தண்ணீரிலிருந்து ஏறினேன். பிறகு பலகையில் உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டே அவனை உரித்து, வலது கையைப் புரட்டினேன். அக்குளில் ஒரு மடிப்பு. சின்னச் சின்னக் கைத்தையல். இடதில் இருந்ததற்கு இம்மியும் கூடாமல், குறையாமல்.

அந்தப் பேண்ட் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

தான் தைத்ததை அவள் பிரிக்க மாட்டாள். மறு பக்கத்தைச் சரி செய்வாள். இரண்டு கையும் ஒரே மாதிரி பிடித்தால் ஆள் எந்தப் பக்கமும் வளைய மாட்டான். கொஞ்சம் மெதுவாக, ஆனால் என் கோட்டைப் போல நேராக, அக்கரைக்குப் போய்ச் சேருவான்.

கட்டிலில் கிடந்தபடி என்னை அவள் நேராக்கி அனுப்பியிருக்கிறாள்; நான் கத்தரிக்கோலை வைத்துக் கோணலாக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். துண்டு வேறு எடுத்து வரவில்லை.